கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடுமா?

இங்கிலாந்து நாட்டில் வெஸ்ட் பைபிளீட் என்று ஓர் ஊர். அங்கே தபால் ஆபீஸ் நடத்தி வந்தவர், சீமா மிஸ்ரா. இந்திய வம்சாவளிப் பெண்.

2010-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு நாள். அன்று அவருடைய மகனுக்கு 10-வது பிறந்த நாள். பிள்ளைக்குப் பலகாரம் செய்து கொடுக்க வேண்டிய தாய், கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அப்போது அவர் கர்ப்பிணி.

"தபால் ஆபீஸ் பணம் 74 ஆயிரம் பவுண்டைத் திருடிவிட்டார்" என்பது அவர் மீது வழக்கு. ஒரு பவுண்டு என்பது நம் பணத்தில் 100 ரூபாய்க்கு மேல்.

நீதிபதி தண்டனையைச் சொன்னார். 15 மாதம் ஜெயில்!

சீமா மயங்கி விழுந்தார்.

அவர் பணத்தை எடுத்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. திருடிய பணம் அவரிடம் இருந்து கைப்பற்றப்படவும் இல்லை. அப்படியானால் சாட்சி யார்?

கம்ப்யூட்டர்!

"இருக்க வேண்டிய பணம் இவ்வளவு. குறைகிறது இவ்வளவு" என்று கம்ப்யூட்டர் கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கை நம்பி ஒரு கர்ப்பிணியை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

10 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தன. 2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், "சீமா குற்றவாளி அல்ல" என்று மேல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அந்தக் கம்ப்யூட்டர் கணக்கை நம்பி அவரைத் தண்டித்ததே தவறு என்று முடிவாயிற்று.

இது கற்பனைக் கதை அல்ல. நம் காலத்தில் நடந்த உண்மை!

நான் யார்?

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள்.

நான் பெரிய என்ஜினீயர் அல்ல. பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் சாப்பிட்டு முடித்த பிறகு, பொழுதுபோக்காகக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறேன். சிலர் தோட்டம் போடுவார்கள். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். எனக்கு இது.

கம்ப்யூட்டர் எப்படித் தப்புச் செய்யும் என்பது எனக்குத் தெரியும். காரணம், நானே தப்பாகப் புரோகிராம் எழுதியவன்! அந்த வெட்கக்கேட்டைப் பிறகு சொல்கிறேன்.

புரோகிராம் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குச் சொந்த மூளை கிடையாது. நாம் எழுதிக் கொடுக்கும் உத்தரவுகளை வரிசையாகச் செய்யும். அந்த உத்தரவுப் பட்டியலுக்குத்தான் புரோகிராம் என்று பெயர். சாப்ட்வேர் என்றும் சொல்வார்கள்.

மகளிடம், "அடுப்பில் உலை வை. அரிசியைக் களைந்து போடு" என்று அம்மா சொல்கிறார். பானையில் தண்ணீர் இல்லை. மகள் என்ன செய்வாள்? குடத்தில் இருந்து தண்ணீர் ஊற்றுவாள். குடமும் காலி என்றால், "அம்மா, தண்ணீர் இல்லை" என்று குரல் கொடுப்பாள்.

கம்ப்யூட்டர் அப்படிச் செய்யாது. "தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்வது?" என்று யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால், காலிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, "சோறு தயார்" என்று சொல்லும்!

சொல்லும்போது அதன் குரலில் தயக்கம் இருக்காது. முகத்தில் சந்தேகம் தெரியாது. சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே மாதிரிதான் காட்டும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

புரோகிராமில் உள்ள தவறுக்கு "பக்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "பக்" என்றால் பூச்சி. 1947-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. அதை எடுத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். பூச்சி என்ற பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. ஆனாலும் அந்த ஒட்டிய பூச்சி பெரும் புகழ் பெற்றுவிட்டது!

"நீங்கள் ஒருத்திதான்!"

மறுபடியும் இங்கிலாந்துக்குப் போவோம்.

அந்த நாட்டில் தபால் ஆபீசுகள் பலவற்றைத் தனி ஆட்கள் நடத்துகிறார்கள். கணவன், மனைவியாகச் சேர்ந்து மளிகைக் கடை வைத்திருப்பார்கள். கடையின் ஒரு மூலையில் தபால் ஆபீஸ் இருக்கும். ஊர் மக்களுக்குப் பென்சன் கொடுப்பது, தபால்தலை விற்பது எல்லாம் அங்கேதான்.

1999-ம் ஆண்டு முதல் இந்தத் தபால் ஆபீசுகளுக்கு "ஹொரைசன்" என்ற கம்ப்யூட்டர் சாப்ட்வேர் வரத் தொடங்கியது. ஜப்பானைச் சேர்ந்த பூஜிட்சு கம்பெனிக்குச் சொந்தமான நிறுவனம் செய்து கொடுத்தது.

பிறகுதான் தொல்லை ஆரம்பம் ஆயிற்று. சாயங்காலம் கணக்கு முடித்தால் பணம் குறைந்தது. பெட்டியில் இருக்கும் பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். எத்தனை தடவை எண்ணினாலும் கம்ப்யூட்டர் சொன்ன தொகை வரவில்லை.

"குறையும் பணத்தை ஆபீஸ் நடத்துகிறவர்தான் கட்ட வேண்டும்" என்று மேலிடம் சொல்லியது. பலர் சேமித்த பணத்தைக் கட்டினார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கட்டியவர்களும் உண்டு.

ஹாம்ப்ஷயர் பகுதியில் ஒரு கிராமத்தில் தபால் ஆபீஸ் நடத்தியவர் ஜோ ஹாமில்டன். ஒரு நாள் கணக்கில் 2 ஆயிரம் பவுண்டு குறைந்தது. உதவிக்கான எண்ணுக்குப் போன் செய்தார். அவர்கள் சொன்னபடி பொத்தான்களை அழுத்தினார்.

அவர் கண் முன்னாலேயே 2 ஆயிரம், 4 ஆயிரம் ஆனது!

"வேறு யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு மட்டும்தான்" என்றார்கள். அவரும் அதை நம்பினார். "என் கையில்தான் ஏதோ கோளாறு" என்று நினைத்துக் குமைந்தார். கடைசியில் கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்தது. அந்தக் கிராமத்து மக்கள் நல்லவர்கள். "இவர் திருடமாட்டார்" என்று சொல்லி, பணம் திரட்டிக் கொடுத்து அவரை ஜெயிலில் இருந்து காப்பாற்றினார்கள்.

நூற்றுக்கணக்கானவர்களிடம் இதே பதிலைத்தான் சொன்னார்கள். "நீங்கள் ஒருவர்தான்!" ஒவ்வொருவரும் தனியாக அழுதார்கள். பக்கத்து ஊரிலும் ஒருவர் இதே போல அழுதுகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

என் வெட்கக்கேடு

இப்போது என் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து தீபாவளிச் சேமிப்பு நடத்துகிறார்கள். ஒருவர் 50 ரூபாய் கொடுப்பார். ஒருவர் 200 கொடுப்பார். கையில் இருக்கும்போது 500 கொடுப்பவரும் உண்டு. தீபாவளிக்கு முன்னால் அவரவர் பணத்தை வாங்கிக்கொள்வார்கள்.

பணம் வாங்கி வைப்பவர் எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா. ஒரு காசு கூடக் குறைய வைக்காதவர்.

"அக்கா, நோட்டில் எழுதிக் கஷ்டப்படுகிறீர்களே. நான் உங்கள் செல்போனில் ஒரு புரோகிராம் போட்டுத் தருகிறேன்" என்று நான்தான் வலியப் போய்ச் சொன்னேன். இரண்டு மாதம் ராத்திரி கண் விழித்து எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை!

ஒரு நாள் எண்ணிப் பார்த்தார்கள். செல்போனில் 14 ஆயிரத்து 650 ரூபாய். பெட்டியில் 14 ஆயிரத்து 150 ரூபாய்.

500 ரூபாய் குறைந்தது!

யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் பார்வை மாறியது. இட்லி வாங்க வருகிறவர்கள் முன்பு போல நின்று பேசுவதில்லை. அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, சத்தியமாக நான் எடுக்கவில்லை அப்பா. உன் மெஷினைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது, அக்கா. நீங்கள் வேறு எதற்காவது எடுத்துச் செலவு செய்துவிட்டு மறந்திருப்பீர்கள்" என்றேன்.

அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பதினோரு நாள் கழித்து அவர் மறுபடியும் வந்தார். கையில் பழைய நோட்டுப் புத்தகம். என் புரோகிராம் வந்த பிறகும் அவர் நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை! இருவரும் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டோம். ஒரு பெண்மணி 500 ரூபாய் கொடுத்தது நோட்டில் ஒரு தடவை இருந்தது. செல்போனில் இரண்டு தடவை இருந்தது.

நடந்தது இதுதான். அன்று செல்போன் மெதுவாக வேலை செய்தது. அக்கா பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். இரண்டு அழுத்தலையும் இரண்டு வரவு என்று என் புரோகிராம் எழுதிக்கொண்டது. "ஒரே பணம் இரண்டு தடவை வருகிறதா?" என்று கேட்க நான் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தப்பு என்னுடையது. பழி அக்காவுக்கு!

அன்று சாயங்காலமே எல்லோரையும் கூட்டி, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே, "போகட்டும் விடு, தம்பி. இனிமேல் மெஷின் சொன்னாலும் மனுஷியையும் ஒரு வார்த்தை கேளு" என்றார்.

அங்கேயும் அதே கதை

பிறகு ஹொரைசன் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

2015-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில், 8 ஆயிரம் பவுண்டைக் கணக்கில் ஏற்றினார்கள். திரை அசையாமல் நின்றுவிட்டது. மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தினார்கள். ஒவ்வோர் அழுத்தலும் தனி வரவாகப் பதிவாயிற்று. இல்லாத 24 ஆயிரம் பவுண்டுக்கு அந்தத் தபால் ஆபீஸ் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று!

பொழுதுபோக்குக்காக எழுதும் நான் செய்த தவறும், கோடி கோடியாகப் பணம் வாங்கிச் செய்த சாப்ட்வேரின் தவறும் ஒரே ஜாதி!

இன்னொன்றும் வெளியே வந்தது. கம்பெனி ஊழியர்கள் தங்கள் இடத்தில் இருந்துகொண்டே, தபால் ஆபீஸ் நடத்துகிறவருக்குத் தெரியாமல் அவர் கணக்கைத் திருத்த முடியும். "அப்படி யாராலும் முடியாது" என்று தபால் நிர்வாகம் பல ஆண்டுகள் சாதித்து வந்தது.

ஒரு மனிதரின் போராட்டம்

உண்மையை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆலன் பேட்ஸ். வேல்ஸ் பகுதியில் லாண்டுட்னோ என்ற ஊர் அருகே தபால் ஆபீஸ் நடத்தியவர். "காரணம் தெரியாமல் பணம் கட்டமாட்டேன்" என்று உறுதியாக நின்றார். 2003-ம் ஆண்டு அவருடைய தபால் ஆபீசைப் பறித்துக்கொண்டார்கள்.

அவர் ஓயவில்லை. தன்னைப் போல யாராவது இருக்கிறார்களா என்று தேடினார். 2009-ம் ஆண்டு "கம்ப்யூட்டர் வீக்லி" என்ற பத்திரிகை 7 பேரின் கதையை வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் பென்னி காம்ப்டன் என்ற கிராமத்தில் பாதிக்கப்பட்டவர்கள் கூடினார்கள்.

"நான் ஒருவன்தான்" என்று நினைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் அன்றே உடைந்தது.

555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2019-ம் ஆண்டு டிசம்பரில் நீதிபதி பிரேசர் தீர்ப்பளித்தார். "ஹொரைசனில் தவறுகள் இருந்தன. அதை மறுப்பது, பூமி தட்டையானது என்று சாதிப்பதைப் போன்றது" என்ற கருத்துப்படக் கண்டித்தார்.

அந்த வழக்கில் சமரசமாக 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கிடைத்தது. ஆனால் வழக்குச் செலவே பெரும் பகுதியை விழுங்கிவிட்டது! இதனால் பிறகு அரசாங்கமே தனியாக நஷ்ட ஈட்டுத் திட்டங்களைக் கொண்டுவர நேர்ந்தது.

2024-ம் ஆண்டு ஜனவரியில் இந்தக் கதை டெலிவிஷன் நாடகமாக வந்தது. நாடே கொதித்தது. அந்த ஆண்டு மே மாதம் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒரே அடியாக ரத்து செய்தது. ஆலன் பேட்சுக்கு "சர்" பட்டம் கிடைத்தது.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் விசாரணைத் தலைவர் சர் வின் வில்லியம்ஸ், அறிக்கையின் முதல் பகுதியை வெளியிட்டார். ஏறக்குறைய ஆயிரம் பேர் தவறாகத் தண்டிக்கப்பட்டார்கள். குறைந்தது 13 பேர் இதனால் மனம் உடைந்து தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

13 உயிர்கள்! நஷ்ட ஈடு கொடுத்து அவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

சட்டமும் ஏமாந்தது

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1984-ம் ஆண்டு ஒரு சட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் காட்டும் கணக்கை கிரிமினல் வழக்கில் சாட்சியமாகக் கொடுத்தால், அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்பதையும் காட்ட வேண்டும் என்று அது சொல்லியது. "இது வீண் தொல்லை" என்று அந்த விதியை நீக்க 1999-ம் ஆண்டு சட்டம் செய்தார்கள்.

அதன் பிறகு, "கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருக்கும்" என்று கோர்ட்டு எடுத்துக்கொண்டது. தவறு என்றால், குற்றம் சாட்டப்பட்டவர்தான் அதைக் கிளப்ப வேண்டும். கிராமத்துக் கடைக்காரர் எப்படிக் கிளப்புவார்? புரோகிராமும் கம்பெனியிடம். பதிவேடும் கம்பெனியிடம்!

ஹொரைசன் வரத் தொடங்கியதும் அதே 1999-ம் ஆண்டுதான்.

இப்போது அங்கே இந்த விதியை மாற்றலாமா என்ற யோசனை எழுந்தது. 2025-ம் ஆண்டு ஜனவரியில் அரசாங்கம் இது பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.

நம் நாட்டில் 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவு இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த ஆவணத்தைக் கொடுக்கும்போது, அதற்குச் சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்திருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சான்றிதழை வெறும் சடங்காக நினைத்துக் கையெழுத்துப் போட்டால், பூட்டு இருந்தும் கதவைத் திறந்து வைத்தது போலத்தான்!

20-க்குப் பதில் 21

பணக்கணக்கில் மட்டும்தான் இப்படி நடக்கிறதா? இல்லை.

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிடம். "கிரவுட்ஸ்டிரைக்" என்ற அமெரிக்கக் கம்பெனி, கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கும் தன் சாப்ட்வேருக்கு ஒரு புதிய தகவல் கோப்பை உலகம் முழுவதும் அனுப்பியது.

சிறிது நேரத்தில் கம்ப்யூட்டர்கள் நீல நிறமாகி நின்றன. ஏறக்குறைய 85 லட்சம் கம்ப்யூட்டர்கள்! விமானங்கள் கிளம்பவில்லை. ஆஸ்பத்திரிகளில் வேலை தடைப்பட்டது. ஐதராபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்குக் கையால் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள்.

காரணம் என்ன? அந்தச் சாப்ட்வேர் 20 விவரங்களை எதிர்பார்த்தது. வந்த கோப்பு 21-வது விவரத்தையும் பார்க்கச் சொல்லியது. 20 வீடுகள் உள்ள தெருவில் 21-ம் எண் வீட்டுக்குக் கடிதம் வந்தால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டின் கதவைத் தட்டப் போய்க் குப்புற விழுந்தது!

78 நிமிடத்தில் கம்பெனி தவறைத் திருத்திவிட்டது. ஆனால் விழுந்த கம்ப்யூட்டர்கள் தானாக எழவில்லை. பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தேடிப் போய்ச் சரி செய்தார்கள். காவல்காரனே வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த கதைதான்!

முதலில் ஒரு நூறு கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாம். நம் வீட்டில் புதுக் குழம்பு வைத்தால் ஒரு சொட்டு கையில் விட்டு ருசி பார்த்த பிறகுதானே பந்தியில் பரிமாறுகிறோம்? அந்தக் கோப்பை அப்படிப் படிப்படியாக அனுப்பவில்லை. இதைக் கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டு, இனி படிப்படியாக அனுப்புவதாக அறிவித்தது.

1996-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி ஐரோப்பாவின் "ஏரியான் 5" ராக்கெட் கிளம்பி, ஏறக்குறைய 40 விநாடியில் சிதறியதும் புரோகிராம் தவறால்தான். பழைய ராக்கெட்டுக்கு எழுதியதைப் புதிய ராக்கெட்டில் அப்படியே வைத்தார்கள். புதிய ராக்கெட் வேகமானது. அதன் வேகத்தைக் குறித்த எண், அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. உழக்கில் படி அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்?

நல்ல உதாரணமும் உண்டு

"அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

1969-ம் ஆண்டு ஜூலை மாதம் ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர்கள் கம்ப்யூட்டர் "1202" என்ற அபாய எண்ணைக் காட்டியது. தாங்க முடியாத வேலை வந்து குவிந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கம்ப்யூட்டர் இன்றைய செல்போனுக்கு முன் ஒரு தூசு. ஆனாலும் அது விழவில்லை. அவசரம் இல்லாத வேலைகளைக் கீழே போட்டுவிட்டு, இறங்குவதற்கு வேண்டிய வேலைகளை மட்டும் கவனித்தது. மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கிய குழு அந்தப் புரோகிராமை உருவாக்கியது. "தவறு நேர்ந்தால் என்ன செய்வது?" என்று முன்கூட்டியே யோசித்து எழுதியிருந்தார்கள்.

கஷ்டம் வரும் என்று நினைத்து எழுதுவது ஒரு வகை. வராது என்று நம்பி எழுதுவது இன்னொரு வகை. நல்ல சாப்ட்வேருக்கும் கெட்ட சாப்ட்வேருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

இன்று காய்கறிக் கடையிலும் செல்போனில்தான் பணம் கொடுக்கிறோம். சில சமயம் நம் கணக்கில் பணம் போய்விடும். எதிராளிக்குப் போய்ச் சேராது. பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டு ரிசர்வ் வங்கி இதற்கு விதி செய்திருக்கிறது.

ஒருவர் கணக்குக்கு யு.பி.ஐ. மூலம் அனுப்பிய பணம் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். கடைக்கு அனுப்பியது என்றால் 5 நாளுக்குள். ஏ.டி.எம். எந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தாலும் 5 நாளுக்குள். தாமதம் ஆனால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது.

இந்த விதியைக் கவனியுங்கள். "எந்திரம் தவறும்" என்று ஒப்புக்கொண்டு, தவறினால் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்துத் தபால் ஆபீசில் இல்லாமல் போனது இதுதான்.

இன்னும் சில யோசனைகள்:

பணம் அனுப்பியவுடன் வரும் ரசீது எண்ணை அழிக்காதீர்கள். திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

திரை நின்றுவிட்டால் மறுபடி பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் கணக்கில் பணம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைகளின் படம், நிலப் பத்திரத்தின் நகல், முக்கியமான போன் எண்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். செல்போனிலும் இருக்கட்டும். வேறு ஓர் இடத்திலும் இருக்கட்டும். முக்கியமான எண்களைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

பாதுகாப்புக்காக வரும் சாப்ட்வேர் திருத்தங்களைத் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் நாளைக்குப் பரீட்சை, பயணம் என்றால் இன்று ராத்திரி அதில் கை வைக்காதீர்கள்.

கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர்கள், எங்கள் இட்லிக் கடை அக்காவைப் போல ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

தவறு செய்யாத சாப்ட்வேர் கிடையாது. எழுதுகிறவர்கள் மனிதர்கள். அதனால் தவறு வரத்தான் செய்யும். அதற்காக யாரையும் நான் திட்டவில்லை.

"தவறு இருக்கிறது" என்று ஒரு சாதாரண மனிதர் வந்து சொல்லும்போது, காதைப் பொத்திக்கொள்வதுதான் குற்றம். புரோகிராமில் இருந்த பூச்சி சீமாவை ஜெயிலில் போடவில்லை. அந்தப் பூச்சியைப் பார்க்க மறுத்த மனிதர்கள்தான் போட்டார்கள்.

ஆகவே, எந்திரத்தை வைத்து மக்களிடம் கணக்குக் கேட்பவர்களுக்கு மூன்று கடமைகள் உண்டு. கேள்வி கேட்கிறவருக்குப் பதிவேட்டைக் காட்ட வேண்டும். இதே புகார் வேறு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கக்கூடாது. எந்திரத்தின் சொல்லை மட்டும் வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்லக்கூடாது.

நமக்கும் ஒரு கடமை உண்டு. ரேஷன் கடையிலோ, வங்கியிலோ, ஆஸ்பத்திரியிலோ யாராவது, "கம்ப்யூட்டர் இப்படித்தான் காட்டுகிறது" என்று சொன்னால், தலை குனிந்து திரும்பி வரவேண்டாம்.

"கம்ப்யூட்டர் எப்படி அந்தக் கணக்குக்கு வந்தது? அதைக் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

என் புரோகிராமில் அந்தத் தவறைத் திருத்திவிட்டேன். இப்போது ஒரே தொகை இரண்டு தடவை வந்தால், "இது முன்பே எழுதியதா?" என்று அது கேட்கும். அக்கா அதையும் பயன்படுத்துகிறார்.

நோட்டுப் புத்தகத்தை மட்டும் அவர் இன்னும் மூடவில்லை. "மூடுங்கள்" என்று நானும் சொல்வதில்லை!